கேர்ட்டின் திருப்பிக் கேட்ட கப்பல்கள்

என்ர தங்கச்சியின் மகள் பேர்த்தில் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள். ஆர் பிள்ளை அந்தக் கேர்ட்டின் என்று கேட்டேன். ஏதோ பழைய பிரதமராம். அவ்வளவுதான் தெரியும். எங்கட வீட்டிலோ சீனா, நீர்மூழ்கிகள், ஓக்கஸ் ஒப்பந்தம் என்று ஒவ்வொரு ஞாயிறும் சண்டை. அமெரிக்காவோடு ஒட்டி நிற்பவர்களும் கேர்ட்டினைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள், விலகச் சொல்பவர்களும் அவரைத்தான் இழுக்கிறார்கள்.

ஜோன் கேர்ட்டின் 1885இல் விக்டோரியாவின் கிரெஸ்விக் ஊரில், ஐரிஷ் வழி வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டார். மரத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளரானார். 1916இல் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்துப் பேசித் திரிந்து, சில நாள் மறியலிலும் இருந்தார். குடி அவரைப் பாடாய்ப்படுத்தியது. 1935இல் தொழிற்கட்சித் தலைமை கிடைத்ததே ஒரேயொரு வாக்கால்தான், அதுவும் இனிக் குடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு.

1941 ஒக்டோபரில் பிரதமரானார். இரண்டே மாதத்தில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அவுஸ்திரேலியா அதுவரை நம்பியிருந்தது சிங்கப்பூரில் இருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தை. டிசம்பர் 10ஆம் திகதி பிரித்தானியாவின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மலாயாக் கடலில் தாண்டு போயின. மாத முடிவில் கேர்ட்டின் மெல்பேர்ண் பத்திரிகை ஒன்றில், இனி அமெரிக்காவைத்தான் பார்க்கப் போகிறோம் என்று பகிரங்கமாக எழுதினார். சேர்ச்சில் கொதித்தார். றூஸ்வெல்ட்டுக்கும் அது பிடிக்கவில்லை.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏறத்தாழ 15,000 அவுஸ்திரேலியர் கைதிகளானார்கள். நாலு நாள் கழித்து டார்வினில் குண்டு விழுந்தது.

அந்த வாரத்தில்தான் கேர்ட்டினின் உண்மையான சோதனை. மத்திய கிழக்கில் இருந்து ஏழாவது டிவிசன் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பர்மாவுக்கு அனுப்பச் சொல்லி சேர்ச்சில் நெருக்கினார், றூஸ்வெல்ட்டும் ஒத்துப் பாடினார். கேர்ட்டின் மாட்டேன் என்றார். சேர்ச்சில் கேட்காமலேயே கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பிவிட்டார். கேர்ட்டின் விடவில்லை, ஊருக்கே திருப்பி எடுத்தார். அதன் பிறகுதான் பயம் பிடித்தது. போதிய காவல் இல்லாத கப்பல்கள், கடலெல்லாம் யப்பானிய நீர்மூழ்கிகள். கன்பராவில் பிரதமர் இல்லத் தோட்டத்தில் இரவிரவாக நடந்து திரிந்தார் மனுசன். ரங்கூன் மார்ச் 8இல் விழுந்தது. திரும்பி வந்த அந்தப் படைதான் பிறகு கொக்கோடா மலைப்பாதையில் சண்டை பிடித்தது.

ஆனால் ஆறாவது டிவிசனின் இரண்டு பிரிகேட்டுகளை இலங்கையைக் காக்க விட்டுக்கொடுத்தார். ஏப்ரல் 9இல் திருகோணமலையில் குண்டு விழுந்தபோது அவர்கள் இலங்கையில்தான் நின்றார்கள். அண்டைக்குச் சனம் சட்டி பானையோடு ஓடின கதையை அம்மம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. அதேநாள் மட்டக்களப்புக் கடலில் தாண்ட கப்பல்களில் வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் ஒன்று.

இவரைத் தலையில் தூக்கி வைக்க எனக்கு முடியாது. வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையை நம்பியவர். அவர் நினைத்த நாட்டில் எனக்கும் உங்களுக்கும் இடமில்லை. சேர்ச்சிலிடம் இல்லை என்று சொன்னவர், அமெரிக்க ஜெனரல் மக்ஆதரிடம் அப்படிச் சொன்னது குறைவு. படைகளை அவர் கையில் கொடுத்தார். கடைசியில் மக்ஆதர் பிலிப்பைன்சுக்குப் போக, அவுஸ்திரேலியப் படைகள் பின்னால் மிச்சச் சண்டைக்கு விடப்பட்டன. பெரிய நாட்டை நம்பினால் என்ன விலை என்று எங்கட சனத்துக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1943இல், தான் மறியல் போன அதே கட்டாயச் சேவையை நாட்டுக்கு வெளியேயும் நீட்டினார். பழைய தோழர்கள் மன்னிக்கவில்லை.

1945 யூலை 5இல், பதவியில் இருக்கும்போதே இறந்தார். வயது 60. அடுத்த மாதம் யப்பான் சரணடைந்தது. பேர்த்தின் கரக்கட்டா மயானத்தில் புதைத்தார்கள். ஓக்கஸ் திட்டப்படி அமெரிக்க நீர்மூழ்கிகள் வந்து நிற்கப்போகும் கார்டன் தீவுத் தளமும் அந்தப் பக்கத்துக் கடற்கரையில்தான் இருக்கிறது. மருமகளிடம் சொன்னேன், அடுத்த முறை பேர்த் வந்தால் இரண்டு இடத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று.