அடிமை ஓலை எழுதிய அடிகளார்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பெருவழியில், மடுச் சந்தியிலே வடக்குமுகமாகத் திரும்பிச் சில மைல் சென்றால் பாலையும் முதிரையும் அடர்ந்த காட்டின் நடுவே மருதமடு அன்னையின் ஆலயம் தோன்றும். இன்று மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விடம், முன்னாளில் வன்னிக் காட்டின் ஓர் உட்புறமாகவே எண்ணப்பட்டது. 1670-ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார் அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு இக்காட்டுக்கு ஓடிவந்தனர் என்பதும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த வேறு பலரும் அவர்களோடு கூடினர் என்பதும் வழிவழி வந்த செய்தி.

அவர்கள் ஓடிவந்தமைக்குக் காரணம் உண்டு. 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றினர். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தனர். வன்னியர் தலைவர்களோ ஒல்லாந்தருக்கு யானைத் திறை கொடுப்பதும், சமயம் வாய்த்தால் கொடாது விடுவதுமாக இருந்தனர். அடங்காப்பற்று என்ற பெயர் பெற்ற அந்நிலத்திலே ஒல்லாந்தரின் கை முழுவதும் எட்டவில்லை. ஆகவே காடு மக்களைக் காத்தது. எனினும் குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கவும், இறப்பவனுக்கு இறுதி ஆறுதல் கூறவும் ஒரு குருவானவர் இல்லாமலே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன.

அக்குறையைத் தீர்க்க வந்தவரே யோசேவாஸ் அடிகளார்.

அடிகளார் 1651-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் கோவாவிலே, பெனோலிம் என்னும் தாயாரின் ஊரிற் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்குவாலி. கொங்கணி பேசும் அந்தணர் குலத்திலே தோன்றி, இலத்தீனும் சமய சாத்திரமும் துறைபோகக் கற்று, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். குலப்பெருமையும் கல்விப்பெருமையும் ஒருங்கே வாய்த்த அவ்விளைஞர் மறு ஆண்டிலே ஒரு விந்தையான காரியம் செய்தார். தாம் தேவமாதாவின் நிரந்தர அடிமை என்று ஓர் ஓலை எழுதிக் கைச்சாத்திட்டார். அடிமைகளை விலைக்கு வாங்கி விற்ற நாடு அது. அடிமைச் சீட்டென்றால் என்னவென்று அவர் அறிந்தே எழுதினார்.

எழுதுவது எளிது. பக்தி மிகுந்த இளம்பருவத்தில் இத்தகைய ஓலைகள் எத்தனையோ பேரால் எழுதப்பட்டிருக்கும். எழுதிய கடனை இறையருள் எவ்வாறு வசூலித்தது என்பதே அடிகளாரின் வரலாறு எனலாம்.

கன்னட நாட்டிலே 1681 முதல் மூன்றாண்டு தொண்டாற்றி மீண்ட அவர், 1685-இல் கோவாவிலிருந்த சுதேச குருமாரின் கூட்டத்திற் சேர்ந்தார். அதுவே பின்னர் ஓரத்தோரியர் சபையாயிற்று. சேர்ந்த சில நாட்களிலேயே தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அதனை உதறிவிட்டு, யோவான் என்னும் பணியாளனுடன் 1686-இல் இலங்கைக்குப் புறப்பட்டார்.

1687-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தோணி ஏறியபோது அவர் மேல் குருவுடை இல்லை. கந்தை உடுத்த இரவலன் கோலமே இருந்தது. காற்று தோணியை அலைத்தது, உணவு அற்றது. மன்னாரை அடைந்து, பின் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கொடிய வயிற்றுளைவு அவரை வீழ்த்திற்று. ஆன்மாக்களைக் காக்க வந்தவர் தம் உடலையே காத்துக்கொள்ள வலியற்றுக் கிடந்தார். பிழைத்தெழுந்ததும் கழுத்திலே செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசல் வாசலாகச் சென்று பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று பார்த்தே தம் மந்தையைக் கண்டறிந்தார்.

பட்டினத்தாரை அறிந்த தமிழ் மக்களுக்கு ஓடேந்திய கோலம் புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டினத்தார் உறவுகளை விட்டு நீங்கப் பிச்சை ஏற்றார். இவரோ உறவுகளைத் தேடிக்கொள்ளப் பிச்சை ஏற்றார். அந்தணர் மரபில் வந்தவர், எவர் வீட்டுச் சோறு என்று கேளாது, இட்டதை உண்டார். கொடுக்க வந்தவர் முதலில் வாங்கக் கற்றார்.

சில்லாலை ஊரார் அவரை மறைத்துவைத்தனர். அங்கிருந்தே தமிழ் கற்று, இரவில் ஊரூராகச் சென்று பூசை நிறைவேற்றினார். 1689-ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் வீடுகளிற் புகுந்தனர். பலர் சிறைப்பட்டனர். சிலர் கசையடி பட்டனர். ஒல்லாந்தரின் சமயத்தை விட்டுக் கத்தோலிக்கராகிய தொன் பேதுரு என்பார் அடியின் கொடுமையால் உயிர்நீத்தார். அடிகளாரோ அகப்படவில்லை. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலே அவர் தப்பிய அற்புதத்தைப் புகழ்ந்துவிட்டு மேற்செல்கின்றனர். நாம் சிறிது நிற்க வேண்டும். தம்மை ஏற்றுக்கொண்டோர் அடிபட, தாம் உயிரோடிருத்தல் எத்துணைப் பாரம்! இரத்தசாட்சியின் முடி தமக்கன்றித் தம் பொருட்டு இன்னொருவருக்குக் கிடைத்தது. அடிமை என்று எழுதிக்கொடுத்தவனுக்குத் தன் சாவைத் தெரிந்தெடுக்கும் உரிமைகூட இல்லை போலும்.

1690-இல் புத்தளம் சென்றார். 1692-இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். பழி சுமத்தியவன் ஒரு பிரெஞ்சுக்காரன். பௌத்தனாகிய விமலதர்மசூரிய மன்னன் நாளடைவில் அவருடைய நடையைக் கண்டு நம்பினான். வறட்சியால் நாடு வாடியபோது அடிகளார் வேண்ட மழை பெய்தது என்ற செய்தி பலரும் அறிந்தது. ஆனால் 1697-இல் வந்த வைசூரியே அவரை நன்கு காட்டுவது. மன்னனும் பிரபுக்களும் நகரை நீங்கினர். நோயுற்றோரை உற்றாரே காட்டில் விட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனாகிய கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடி எடுத்து, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பிரித்துப் பார்த்தாரல்லர். அதன் பின்னரே அரசன் அவர்களுக்கு முழு மனத்துடன் இடமளித்தான்.

கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குத் தம் பிரதிகுருவாக நியமித்தார். கோவாவிலிருந்து வந்த குருமார் அவருக்குக் கீழே மாந்தையிலும் வன்னியிலும் காட்டுப்பாதைகளில் நடந்து, ஆயன் இன்றிச் சிதறிய குடிகளைச் சேர்த்தனர். ஆயர் பதவி நாடிவந்தபோது அவர் ஏற்க மறுத்தார். 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கண்டியிலே காலமானார். 1995-இல் கொழும்பிலே முத்திப்பேறு பெற்றவராகவும், 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் காலிமுகத் திடலிலே புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அன்று பிற்பகலே பாப்பரசர் பிரான்சிசு மடுவுக்கு வந்தார். 2008-இல் போர் நெருங்கியபோது, முன்னோர் சுமந்து வந்தது போலவே மீண்டும் சுமந்து செல்லப்பட்டுத் திரும்பிய அதே திருவுருவத்தின் முன் நின்றார்.

அடிகளாரை அடக்கஞ்செய்த கண்டிக் கோவில் பிற்காலத்தில் அழிந்தது. அவருடைய கல்லறை எங்கே என்று காட்டுவார் இல்லை.