சீட்டும் வாய்மையும்: பறவையியல் அறிஞர் சலீம் அலி

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விரித்துரைக்கிறது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, முப்பது குடும்புகளுக்கும் தனித்தனியே கட்டி, இன்ன குடும்பிற்குரியது என்று காட்டும் வாயோலை ஒன்றை ஒவ்வொரு கட்டிலும் பூட்டிக் குடத்தில் இட்டனர். வாயோலை மாறினால் தேர்வே மாறிப்போகும். உயிரியல் ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய வாயோலை உண்டு. பாடம் செய்த உயிரின் உடலில் கட்டப்பெறும் சிறு சீட்டே அது. அதன் அருமையை உணர்ந்து வாழ்ந்தவர் அறிஞர் சலீம் அலி.

அவர் 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அதன் பெயரறிய விரும்பிய சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு மாமன் அனுப்பினார். செயலாளர் மில்லார்டு பறவையின் பெயரைக் கூறியதோடு, பாடம் செய்த பறவைகள் நிறைந்த பேழைகளையும் திறந்து காட்டினார். பறவையின் தோலைப் பதப்படுத்தவும் குறிப்பெழுதவும் சலீம் அலி அங்கேதான் கற்றார்.

பறவையின் காலில் கட்டும் சீட்டில் பிடித்த இடம், நாள், பாலினம், பிடித்தவர் பெயர் ஆகியவை இடம்பெறும். கண்ணின் நிறமும் காலின் நிறமும் விரைவில் மங்கிவிடுமாதலால் அவற்றையும் உடனே குறித்தல் வேண்டும். இவையின்றேல், எத்துணை அழகிய உடலும் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படாது.

பர்மாவில் குடும்ப வணிகம் பார்த்த அவர், பின்னர் பெர்லினில் அறிஞர் ஸ்ட்ரெசமனிடம் பயின்று 1930இல் திரும்பினார். அப்போது அவருடைய அருங்காட்சியகப் பணி பொருள் முடையால் நீக்கப்பட்டிருந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. செலவுத் தொகை மட்டும் தந்தால் போதுமென்று கூறி, ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார்.

சீட்டின் ஆற்றலுக்குத் தமிழகமே ஒரு சான்று தருகிறது. 1948இல் இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைச் சேகரித்தார். கழகத்தின் சேமிப்பில் அது வேறொரு பொது இனத்தின் பெயரால் வைக்கப்பட்டிருந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கித்தி தொங்லோங்யா அதனை ஆராய்ந்து, புதிய பேரினமே என நிறுவி, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பெயர் பிழைபட்டிருந்தது, ஆயினும் உடலும் ஊரும் ஆண்டும் காக்கப்பட்டிருந்தமையால் பிழை திருந்திற்று.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 1937இல் சலீம் அலியுடன் ஆப்கானிஸ்தானில் பறவையாய்வு செய்தவர் கர்னல் மைனர்ட்ஸ்காகன். காட்டுச் சிறு ஆந்தை ஒன்றை 1914இல் குஜராத்தில் பிடித்ததாக அவர் சீட்டு எழுதியிருந்தார். அது 1880களில் பிறர் சேகரித்த பறவை என்பதும், அருங்காட்சியகத்திலிருந்து திருடி மீண்டும் பாடம் செய்து பொய்ச்சீட்டுக் கட்டப்பட்டது என்பதும் பமேலா ராஸ்முசனின் ஆய்வால் பின்னர் வெளிப்பட்டன. அப்பொய்யை விலக்கி, உண்மைச் சீட்டுகள் காட்டிய வழியில் தேடியபோது, 1997இல் மராட்டிய மாநிலத்து ஷஹாதாவுக்கருகே அவ்வாந்தை உயிருடன் காணப்பெற்றது. அதனைக் கேட்டு மகிழச் சலீம் அலி அன்று இல்லை. அவர் 1987 ஜூன் 20 அன்று மறைந்துவிட்டார்.

அவர் கழகத்தினர் கோடிக்கரையில் உயிர்ப்பறவைகளின் கால்களில் எண்ணிட்ட வளையங்களைப் பூட்டிப் பறக்கவிட்டனர். அவ்வளையமும் ஒரு வாயோலையே. ரிப்ளேயுடன் இணைந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது அவரைச் சேர்ந்தது. தமக்குக் கிடைத்த பன்னாட்டுப் பரிசுத் தொகையில் பெரும்பகுதியை அவர் கழகத்திற்கே அளித்தார்.

மாணவச் செல்வங்களே! ஆய்வுக்கூடத்துக் குப்பியில் நீங்கள் ஒட்டும் சீட்டு சிறிதுதான். ஆயினும் நீங்கள் அறியாத ஒருவர், நீங்கள் காணாத ஓர் ஆண்டில், அதனை நம்பி ஆராயக்கூடும். அறியாமையால் எழுதிய பெயரைப் பின்வருவோர் திருத்திக்கொள்வர். இடமும் நாளும் பொய்யாயின் அவர்களுக்கு வழியே அடைபட்டுப்போகும்.