சிசிலி சொண்டர்ஸ்: கடைசி நாட்களின் வைத்தியர்

1918இல் இங்கிலாந்தில் பிறந்த சிசிலி சொண்டர்ஸ், தாதியாகப் பயின்றவர். முதுகுவலியால் அந்தப் பணியைத் தொடர முடியாமல் வைத்தியசாலைச் சமூகப் பணியாளரானார். அங்கே டேவிட் ரஸ்மாவைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூத அகதி, வயது 40, குணமாக்க முடியாத புற்றுநோய். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கென்று நல்ல இடமொன்று வேண்டும் என இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948இல் ரஸ்மா இறந்தபோது, அதற்காக 500 பவுண் விட்டுச்சென்றார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் விலகிவிடும் காலம் அது. அதை மாற்றவே சிசிலி 30 வயதுக்குப் பிறகு மருத்துவம் படித்து, 1957இல் வைத்தியரானார். வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், மோர்பினை நேரம் தவறாமல் கொடுத்தால் வலியை அடக்கலாம் என்று காட்டினார். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் பராமரிப்பு நிலையத்தைத் திறந்தார். இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து வீடுகளுக்கும் பராமரிப்புக் குழு போனது.

உடல் நோவு, மனக்கவலை, குடும்பப் பாரம், ஆன்மத் தவிப்பு நான்கும் சேர்ந்ததே வலி என்பது அவருடைய கணிப்பு. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடியபடியே நோயில் கிடந்த என் பெரியம்மாவைப் பராமரித்ததால் இது எனக்கு விளங்குகிறது. மருந்து அவரின் உடம்பைத் தணித்தது. வாசலில் காலடி கேட்டால் மட்டும் கண் திறப்பார். அந்த நோவுக்குக் குளிசை இல்லை. பக்கத்தில் இருந்து மகனின் கதையைக் கேட்க ஆள் வேண்டியிருந்தது.

நம்மூர்களில் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியாகவும் இருக்கும் வீடுகள் பல. அவர்களை நோவைப் பொறுக்கச் சொல்லாதீர்கள். வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். அருகிலும் இருங்கள்.

சிசிலி 2005இல், தான் தொடங்கிய அதே நிலையத்தில், பராமரிப்போடு கண்மூடினார்.