வழியனுப்ப மூன்று பேர்!

1928-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி.

பம்பாய் துறைமுகத்தில் இருந்து இங்கிலாந்துக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் இந்திய ஹாக்கி வீரர்கள் இருந்தார்கள். ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா ஹாக்கி ஆடப்போவது அதுவே முதல் தடவை.

அவர்களை வழியனுப்ப எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? மூன்றே மூன்று பேர்!

வீரர்களை அனுப்பப் பணம் இல்லை. ஹாக்கி சங்கத்தார் ஒவ்வொரு மாகாணமாகக் கேட்டுப் பார்த்தார்கள். பம்பாய் கை விரித்தது. பர்மா கை விரித்தது. நம்முடைய சென்னை மாகாணமும் கை விரித்தது! அங்கும் இங்கும் திரட்டித்தான் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள்.

அது மட்டுமா? கப்பல் ஏறும் முன் பம்பாயில் உள்ளூர் அணியுடன் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதில் 2-க்கு 3 கோல் என்று தோற்றும் போனார்கள். தோற்ற அணியை யார் வந்து பார்ப்பார்கள்?

அந்த 2 கோல்களையும் போட்டவர் 22 வயதுப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவர். ஒல்லியான உடம்பு. அதிகம் பேசமாட்டார். அவர் பெயர் தயான் சிங். பிறகு உலகமே அவரை தயான் சந்த் என்று அழைத்தது.

நிலா வெளிச்சத்தில்

தயான் சந்த் 1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் வேலை பார்த்தார். பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு எப்படி இருக்கும்? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். தயான் சந்த் ஆறு வருடம்தான் பள்ளிக்கூடம் போனார். கடைசியில் குடும்பம் ஜான்சியில் நிலைத்தது.

ஜான்சி என்றதும் ராணி லட்சுமிபாயின் நினைவு வரும். அவர் வாளேந்திப் போரிட்ட ஊர் அதுதான். ஆனால் தயான் சந்த் சிறுவனாக இருந்தபோது அது ஒரு கோட்டையும், பட்டாள முகாமும், ரெயில்வே பட்டறையும் உள்ள சாதாரண ஊர். கல்கத்தாக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் திரும்பிப் பார்க்கிற ஊர் அல்ல.

சிறு வயதில் அவருக்கு ஹாக்கியில் ஆசையே கிடையாது. குஸ்திதான் பிடிக்கும். 1922-ம் ஆண்டு, 17 வயதில், சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் இருந்தார். அவர்தான் பையனின் கையில் வளைந்த மட்டையைக் கொடுத்து, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுக்கொடுத்தார்.

பகல் முழுவதும் பட்டாள வேலை. இரவில் நிலா வந்தபிறகு மைதானத்துக்குப் போய்த் தனியாகப் பழகுவாராம். இந்தியில் சந்த் என்றால் சந்திரன். அதனால்தான் தயான் சிங், தயான் சந்த் ஆனார் என்று சொல்லுவார்கள்.

1926-ல் பட்டாள அணி நியூசிலாந்துக்குப் போய் 21 ஆட்டங்கள் ஆடியது. 18-ல் வெற்றி. ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் அந்தச் சிப்பாய்க்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது. பட்டாளத்தில் அது மிகச் சிறிய பதவிதான். ஆனாலும் மட்டை பிடித்ததற்காகக் கிடைத்த முதல் சன்மானம் அது.

திரும்பி வந்தபோது

மூன்று பேர் வழியனுப்பிய கப்பலுக்கு வருவோம்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்தியா 5 ஆட்டங்கள் ஆடியது. ஐந்திலும் ஜெயித்தது. போட்ட கோல் 29. வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை! தயான் சந்த் மட்டும் 14 கோல் போட்டார்.

கடைசி ஆட்டம் ஹாலந்துடன். மே மாதம் 26-ந் தேதி. இந்திய அணியில் பலருக்கு உடம்பு சரியில்லை. தயான் சந்துக்கும் காய்ச்சல். காய்ச்சலோடு மைதானத்தில் இறங்கினார். ஹாலந்து மக்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருக்க, அவர்கள் கண் முன்னாலேயே இந்தியா 3 கோல் போட்டு, தங்கப் பதக்கத்தை வென்றது.

வீரர்கள் பம்பாய்க்குத் திரும்பினார்கள். துறைமுகத்தில் பெருங்கூட்டம்! வீரர்களைப் பார்க்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பணம் இல்லை என்று சொன்ன அதே பம்பாய்தான்!

ஜெயித்தவனுக்கு மாலை போடுவதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆரவாரம் எத்தனை நாள் நீடித்தது? நான்கு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வந்தபோது, ஹாக்கி சங்கம் மறுபடியும் உண்டியல் ஏந்தி நின்றது. ஒரு பத்திரிகைக்காரர் காந்திஜியிடமே போய், நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கும்படி கேட்டார். ஹாக்கி என்றால் என்ன என்று காந்திஜி அவரிடம் திருப்பிக் கேட்டாராம்!

அந்தத் தடவை தயான் சந்தின் தம்பி ரூப் சிங்கும் அணியில் இருந்தார். வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஆடினார்கள். ஓர் ஆட்டத்தில் 20 கோல், மற்றொன்றில் 10 கோல். லாஸ் ஏஞ்சல்சில் அமெரிக்காவை 24-க்கு 1 என்று தோற்கடித்தார்கள். அதில் தம்பி 10, அண்ணன் 8. ஒரே வீட்டில் இருந்து 18 கோல்! அந்தப் பயணம் முழுவதிலும் 37 ஆட்டங்கள் ஆடினார்கள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஜான்சி ஹீரோஸ்

இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். உலகம் சுற்றியவர். அவர் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் எது?

ஆம்ஸ்டர்டாம் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் அல்ல. பிற்பாடு பேரும் புகழும் தந்த பெர்லினும் அல்ல. 1933-ல் கல்கத்தாவில் தம் சொந்த ஊருக்காக ஆடிய ஆட்டத்தையே அவர் முதலில் வைத்தார்.

ஜான்சியில் ஜான்சி ஹீரோஸ் என்று ஒரு சங்கம் இருந்தது. ஊர்ப் பையன்களின் சங்கம். பட்டாளத்தில் லீவு கிடைத்ததும் தயான் சந்த் அந்தப் பையன்களைக் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனார். அங்கே நடக்கும் பெய்ட்டன் கோப்பைப் பந்தயம் அந்தக் காலத்தில் ஹாக்கிக்காரர்களுக்குத் திருவிழா மாதிரி. அந்தக் கோப்பையை வாங்காதவன் வீரனே இல்லை என்று நினைப்பார்கள்.

கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தா கஸ்டம்ஸ் அணி. ஒலிம்பிக்கில் ஆடியவர்களும் பேர்பெற்ற ஆட்டக்காரர்களும் நிறைந்த அணி. ஜான்சி பக்கம் தயான் சந்த், ரூப் சிங், பம்பாய் ரெயில்வேயில் ஆடிய இஸ்மாயில் ஆகிய மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் பெயர் தெரியாத இளைஞர்கள்.

கஸ்டம்ஸ் அணி நெருக்கு நெருக்கு என்று நெருக்கியது. பந்து ஜான்சியின் கோலைச் சுற்றியே இருந்தது. இதோ விழுந்தது கோல் என்று நினைத்த நேரத்தில், தயான் சந்த் பந்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். நடு மைதானத்தில் இருந்து நீளமாக ஒரு தட்டு. இஸ்மாயில் பாதி மைதானத்தை ஒரே ஓட்டமாக ஓடினார். கஸ்டம்ஸ் தடுப்பு வீரருக்கும் கோல் காவலருக்கும் ஒரு கணம் குழப்பம். நீ பிடிப்பாய் என்று இவர் நினைக்க, அவர் பிடிப்பார் என்று இவரை அவர் பார்க்க, இஸ்மாயில் புகுந்து பந்தை உள்ளே தள்ளிவிட்டார்.

அந்த ஒரு கோல்தான். கோப்பை ஜான்சிக்கு வந்தது. 1935-லும் ஜான்சி ஹீரோஸ் அதே கோப்பையை வென்றது.

தேசத்துக்கு ஆடும்போது பக்கத்தில் ஆடுகிறவர்கள் எல்லாம் தேர்ந்த வீரர்கள். ஊருக்கு ஆடும்போது தெருப் பையன்கள். அவர்களை வைத்து ஜெயித்ததால்தான் அந்த வெற்றியை அவர் உயர்வாக நினைத்தார் போலும்.

பெர்லின்

1935-ல் தயான் சந்தின் தலைமையில் நியூசிலாந்து போன அணியில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார். கிரிக்கெட் வீரர் எம்.ஜே. கோபாலன்தான் அவர். ஹாக்கியிலும் சூரர். அடுத்த வருடம் அவருக்கு ஒரு சோதனை. இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியிலும் இடம் உண்டு. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்கும் வாய்ப்பு உண்டு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்துடன் திரும்பியது. விதி என்பதைத் தவிர வேறென்ன சொல்ல!

பெர்லினுக்குப் புறப்படும் முன் அந்த அணியும் டெல்லி அணியிடம் 1-க்கு 4 என்று தோற்றது. மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கி, மூன்றாம் வகுப்பு ரெயிலில் இடிபட்டு பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜெர்மனியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்திலும் அதே கணக்கில் தோல்வி. தலைவர் தயான் சந்துக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா? உடனே இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. தாரா என்ற வீரரை வரவழைத்தார்கள்.

கடைசி ஆட்டம் 1936 ஆகஸ்டு 15-ந் தேதி, அதே ஜெர்மனியுடன். முந்தின நாள் மழை. தரை ஈரம். ஆட்டத்துக்கு முன்னால், அறைக்குள் காங்கிரஸ் மூவர்ணக் கொடியை விரித்து வைத்து வீரர்கள் வணங்கினார்கள். அவர்கள் ஆட வேண்டியதோ பிரிட்டிஷ் கொடியின் கீழ்! சரியாக 11 வருடம் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெறும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

முதல் பாதியில் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. ஈரத்தில் கால் வழுக்கியது. தயான் சந்த் பூட்சைக் கழற்றி எறிந்தார். அதன் பிறகு பந்து அவர் சொன்னபடி கேட்டது. முடிவில் இந்தியா 8, ஜெர்மனி 1.

காந்தம் இருந்ததா?

அவருடைய மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள் என்பார்கள். ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு, ஜெர்மனியில் பெரிய பதவி தருகிறேன், வந்துவிடு என்று கேட்டதாகச் சொல்லுவார்கள். வியன்னாவில் நான்கு கைகளுடன் அவருக்குச் சிலை இருக்கிறது என்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம் எதுவும் கிடையாது. மட்டையில் காந்தம் வைத்து என்ன பயன்? பந்து இரும்பா? ஆனாலும் 80, 90 வருடமாக இந்தக் கதைகள் உயிரோடு இருக்கின்றன. கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர், அந்த மனிதர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்கள்?

கடைசி நாட்கள்

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவில்லை. அவருடைய நல்ல வயது அதோடு போயிற்று. 1952-ல் அவர் தம் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். அதை வெளியிட்டது சென்னையில் இருந்து வந்துகொண்டிருந்த ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் என்ற விளையாட்டுப் பத்திரிகை. 1928-ல் பணம் தர மறுத்த ஊர், இதையாவது செய்தது!

1956-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. சிப்பாயாகச் சேர்ந்தவர், மேஜராக ஓய்வு பெற்றார். பாட்டியாலாவில் ஹாக்கி கற்றுக்கொடுத்தார். பிறகு ஜான்சிக்கே வந்துவிட்டார்.

1975-ல் அவருடைய மகன் அசோக் குமார் கோலாலம்பூரில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட, இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அடுத்த வருடமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாவது இடத்துக்கு விழுந்தது. அந்தக் காலத்து மனிதருக்கு அது எப்படி வலித்திருக்கும்!

கையில் பணம் குறைவு. ஒரு தடவை அவர் ஆமதாபாத்தில் நடந்த ஹாக்கிப் பந்தயத்தைப் பார்க்கப் போனாராம். அவர் யார் என்று தெரியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் தயான் சந்த் என்று சொல்லிக்கொண்டு நிற்கும் குணம் அவருக்குக் கிடையாது.

1979-ல் ஈரலில் புற்றுநோய் கண்டது. டெல்லிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொது வார்டில்தான் இடம் கிடைத்தது. பத்திரிகையில் செய்தி வந்த பிறகே தனி அறை கொடுத்தார்கள் என்று சொல்லுகிறார்கள். டிசம்பர் 3-ந் தேதி அவர் காலமானார். வயது 74.

உடலை ஜான்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்ய விரும்பினார்கள். கல்கத்தாவில் இருந்து கோப்பை கொண்டுவந்த பையன்களின் மைதானம் அது. ஆனால் அதற்கு அனுமதி உடனே கிடைக்கவில்லை! சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், அவருக்கு ஆறடி இடம் கொடுப்பதற்கும் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. கடைசியில் அனுமதி வந்தது. பஞ்சாப் ரெஜிமெண்டு சிப்பாய்கள் ராணுவ மரியாதை செலுத்தினார்கள். அந்த மைதானத்திலேயே சிதை மூட்டப்பட்டது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1980 டிசம்பர் 3-ந் தேதி, அவர் படம் போட்ட தபால் தலை வெளிவந்தது. 2002-ல் டெல்லி தேசிய ஸ்டேடியத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். 2012 முதல் அவருடைய பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2021-ல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். ஜான்சியில் ஒரு குன்றின் மேல், கையில் மட்டையும் காலடியில் பந்துமாக அவருக்குச் சிலை நிற்கிறது. ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி உயரமான சிலை.