ஒரு டாலர் பிராவும் ஒரு தையல் மெஷினும்! - ஐடா ரோசென்தாலின் கதை

ஜவுளிக்கடைக்குப் போய் 34பி என்று சைஸ் சொல்லி பிரா வாங்கும்போது, அந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? பெரும்பாலானவர்கள் யோசித்திருக்க மாட்டோம். சட்டுனு வாங்கினோமா, பைக்குள்ள போட்டோமா, கிளம்பினோமா என்பதில்தான் கவனமெல்லாம் இருக்கும். காலையில் போட்டு ராத்திரி கழற்றுகிற வரை உடம்போடு ஒட்டியிருக்கிற இந்த உடையைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

இந்த வாரம் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசலாம். அதற்குச் சரியான ஆள், ஐடா ரோசென்தால். ஐந்தடிக்கும் குறைவான உயரம். கையில் ஒரு தையல் மெஷின். பிழைப்பு தேடி அமெரிக்காவுக்கு வந்த இந்தப் பெண், உலகத்தின் மிகப்பெரிய பிரா கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்த 'மெய்டன்ஃபார்ம்' உருவாகக் காரணமான மூன்று பேரில் ஒருவர்.

பிராவைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை!

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடுவோம். ஐடாதான் பிராவைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. அவருக்கு முன்பே இரண்டு பெண்கள் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் அணிந்தது கார்செட். மார்பில் தொடங்கி இடுப்பு வரை, எலும்போ இரும்புப் பட்டையோ வைத்துத் தைத்து, முதுகுப் பக்கம் நாடா போட்டு இறுக்கிக் கட்டும் உடை. மூச்சு விடுவதே சிரமம். 1889-ல் பாரிஸில் ஹெர்மினி காடோல் என்ற பெண் இந்த கார்செட்டை இரண்டாகப் பிரித்தார். கீழ்ப்பகுதி இடுப்புக்கு, மேல்பகுதி மார்புக்கு. மேல்பகுதியைத் தோள்பட்டை நாடாக்கள் தாங்கின.

அடுத்தவர், நியூயார்க்கின் வசதியான குடும்பத்தைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப். ஒரு விருந்துக்குக் கிளம்பும்போது, மெல்லிய கவுனுக்கு அடியிலிருந்து கார்செட் துருத்திக்கொண்டு தெரிந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, இரண்டு கைக்குட்டைகளையும் ஒரு ரிப்பனையும் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். அவ்ளோதான்! 1914 நவம்பரில் அதற்கு காப்புரிமையும் வாங்கினார். ஆனால், வியாபாரத்தில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1,500 டாலருக்கு அந்த உரிமையை வார்னர் கார்செட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

இந்த இரண்டு பெண்களும் கார்செட்டிலிருந்து மார்புக்கு விடுதலை கொடுத்தார்கள். ஆனால், ஒவ்வொரு பெண்ணின் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்பது இன்னும் கணக்கில் வரவில்லை. ஐடாவின் கதை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ராகோவ் டு அமெரிக்கா

1886-ல் மின்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ராகோவ் என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஐடா காகனோவிச். இன்று அந்த ஊர் பெலாரஸில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அப்பா சமய நூல்களில் மூழ்கியவர். அம்மா சின்னக் கடை வைத்துக் குடும்பத்தை நடத்தியவர். ஐடாவின் வியாபார புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்குமே!

பதின்ம வயதிலேயே தையல் கற்றுக்கொண்டார். வார்சாவுக்குப் போய் தையல் வேலை பார்த்துக்கொண்டே ரஷ்ய மொழியும் கணிதமும் படித்தார். ஊர் திரும்பியபோது ஜார் மன்னரின் ஆட்சிக்கு எதிரான சோஷலிசப் பேச்சுகளில் ஈடுபட்டார். அங்கே அவருக்கு நெருக்கமானவர்தான் வில்லியம் ரோசென்தால். ரஷ்ய-ஜப்பானியப் போர் வந்தது. கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க வில்லியம் அமெரிக்காவுக்குப் போய்விட, கொஞ்ச நாளில் ஐடாவும் கப்பல் ஏறினார். 1906-ல் இருவருக்கும் திருமணம்.

நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரில் குடியேறிய புதுப்பெண்ணுக்கு முன்னால் இருந்த சுலபமான வழி, ஏதாவது ஒரு தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்வது. ஐடாவுக்கு இன்னொருவரிடம் கைகட்டி நிற்பது பிடிக்காத விஷயம். தவணையில் ஒரு சிங்கர் தையல் மெஷின் வாங்கினார். வீட்டிலேயே உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு கவுன் தைத்தார். மகன் லூயிஸ், மகள் பியாட்ரிஸ் என இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே தொழிலையும் வளர்த்தார். மெஷின்கள் கூடின, உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். 1918-ல் குடும்பம் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு மாறியது.

தட்டையா இருந்தாதான் ஃபேஷனா?

முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஃபேஷன் தலைகீழானது. கூந்தலை வெட்டிக்கொண்டு, இடுப்பே தெரியாத நேர்கோட்டு கவுன் போட்டு, பையன்கள் போலத் தெரிவதுதான் அழகு என்றானது. அதற்காகப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துண்டு மாதிரி ஒரு பட்டைத் துணியை மார்பில் சுற்றி, முதுகில் கொக்கி போட்டு இறுக்கிக்கொண்டார்கள். இதற்குப் பெயர் 'பாண்டோ'. 'பாயிஷ் ஃபார்ம்' என்ற பெயரிலேயே ஒரு பிராண்ட் விற்றது. கார்செட் இடுப்பை நசுக்கியது என்றால், இது மார்பை நசுக்கியது!

1920-களின் தொடக்கத்தில், மன்ஹாட்டனின் 57-வது தெருவில் 'எனிட் ஃபிராக்ஸ்' என்ற உயர்தர ஆடைக் கடை நடத்திய எனிட் பிஸெட், ஐடாவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கையில் இருந்த சேமிப்பைப் போட்டு ஐடா அந்தத் தொழிலில் இறங்கினார். மோசமானால் மொத்தமும் போய்விடும்.

கடையில் இரண்டு பெண்களுக்கும் ஒரே மனக்குறை. பார்த்துப் பார்த்துத் தைத்த விலையுயர்ந்த கவுன், மார்பை நசுக்கிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்களின் உடம்பில் சரியாக உட்காரவில்லை. எனிட் அந்தப் பட்டைத் துணியை எடுத்து, நடுவில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கினார். ஒரே பட்டை இரண்டு தனித்தனிக் குழிவுகளானது. சிலை செதுக்குவதில் ஆர்வம் கொண்ட வில்லியம், அந்த வடிவத்தை இன்னும் மேம்படுத்தினார். ஒவ்வொரு மார்பும் தனித்தனியாகத் தாங்கப்பட்டது. உடம்பு அதன் இயல்பான வடிவத்தில் இருந்தது. கவுனும் அழகாக விழுந்தது.

முதலில் இதற்குத் தனி விலை கிடையாது. கவுனோடு சேர்த்தே கொடுத்தார்கள். ஆனால், வாங்கிப்போன பெண்கள் திரும்பி வந்து, கவுன் வேண்டாம், உள்ளே இருக்கிறதை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஐடாவின் வியாபார மூளை விழித்துக்கொண்டது. ஒரு டாலர் விலை வைத்தார். 'பாயிஷ் ஃபார்ம்' என்ற பெயருக்குப் பதிலடியாகவே 'மெய்டன் ஃபார்ம்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது பையனின் வடிவம் அல்ல, பெண்ணின் வடிவம்! சில ஆண்டுகளில் கவுன் தைப்பதையே நிறுத்திவிட்டு, முழுக்க முழுக்க பிரா தயாரிப்பில் இறங்கினார்கள். நியூ ஜெர்சியின் பயோனில் தொழிற்சாலை எழுந்தது.

வடிவமைப்பு அவருக்கு, வியாபாரம் இவருக்கு

வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. வில்லியம் வடிவமைப்பைப் பார்த்தார். கர்ப்பிணிகளுக்கு, பாலூட்டும் தாய்மார்களுக்கு, பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு என விதவிதமாக யோசித்தார். எந்தப் பெண்ணானாலும் ஒரே பட்டை என்ற காலம் முடிவுக்கு வந்தது. ஐடாவின் கையில் விற்பனையும் கணக்கும். ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களைப் பார்த்துப் பேசினார். உடல்நலக் குறைவால் எனிட் சில ஆண்டுகளிலேயே விலகிவிட்டார். இந்தக் கதையில் பலரும் மறந்துபோகிற பெயர் அவருடையதுதான்.

1930-ல் மகன் லூயிஸ் இளம் வயதிலேயே இறந்துபோனார். அமெரிக்கப் பொருளாதாரமும் அதலபாதாளத்தில் இருந்த நேரம் அது. ஐடா தொழிலை விடவில்லை. பெருமந்தத்தையும் தாண்டி கம்பெனி நின்றது.

சரி, அந்த ஏ, பி, சி, டி எப்போது வந்தது? 1930-களின் தொடக்கத்தில் எஸ்.ஹெச்.கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் கப் அளவுக்கு எழுத்துகளைப் பயன்படுத்த ஆரம்பித்தது. 1937-ல் வார்னர் நிறுவனமும் அதைக் கொண்டுவர, மெல்ல மெல்ல எல்லோருடைய வழக்கமும் ஆனது. அதை மெய்டன்ஃபார்மின் சாதனையாக எழுதுபவர்கள் உண்டு. ஆனால், கப் என்ற ஒன்றே பரவலானால்தானே அதற்கு அளவு தேவைப்படும்? ரோசென்தால் தம்பதியின் பங்கு அதில்தான் இருக்கிறது.

புறாவுக்கும் தைத்தார்கள்!

இரண்டாம் உலகப் போரில் துணியும் ரப்பரும் உலோகமும் ராணுவத்துக்கே போயின. பிரா எல்லாம் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடும் ஆபத்து இருந்தது. ஐடா சும்மா இருப்பாரா? தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள், சரியான உள்ளாடை இருந்தால்தான் அவர்களுக்குக் களைப்பு குறையும் என்று வாதாடினார். கம்பெனிக்கு மூலப்பொருள் கிடைத்தது.

இன்னொரு சுவாரஸ்யம் கேளுங்க. ராணுவத்துக்காக மெய்டன்ஃபார்ம் பாராசூட்டும் தைத்தது, புறாக்களுக்கு உடுப்பும் தைத்தது! பாராசூட்டில் குதிக்கும் வீரர்கள், செய்தி கொண்டுபோகும் புறாவை மார்போடு கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். புறாவுக்கு அடிபடாமல், அது பறந்தும் போய்விடாமல் பிடித்துவைக்க ஓர் உறை தேவைப்பட்டது. உருண்டையான ஒன்றை வலிக்காமல் தாங்குவதில் இவர்களைவிட அனுபவசாலிகள் யார்?

கூம்பு வடிவக் காலம்

போர் முடிந்ததும் ஃபேஷன் மறுபடி திரும்பியது. 1949-ல் வந்த 'ஷான்சொனெட்' மாடல், கப் முழுக்க வட்ட வட்டமாகத் தையல் போட்டு, முனை கூர்மையாக நிற்கும் கூம்பு வடிவம். பழைய ஹாலிவுட் படங்களில் நாயகிகளின் ஸ்வெட்டருக்குள் பார்த்திருப்பீர்களே, அதே வடிவம்தான். கோடிக்கணக்கில் விற்றது.

அதே ஆண்டில்தான் அந்தப் புகழ்பெற்ற கனவு விளம்பரங்களும் வந்தன. மேலே மெய்டன்ஃபார்ம் பிரா மட்டும் போட்டுக்கொண்டு ஒரு பெண் கடைவீதிக்குப் போவது போல, வேலை பார்ப்பது போல, தேர்தலில் ஜெயிப்பது போலக் கனவு காண்பாள். ஆண்கள் மட்டுமே இருந்த இடங்களில் பெண்ணை வைத்துப் பார்த்த விளம்பரம் என்று சிலர் ரசித்தார்கள். பெண்ணைக் காட்சிப்பொருளாக்குகிறது என்று சிலர் கோபப்பட்டார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. சுமார் 20 ஆண்டுகள் அந்த விளம்பரம் ஓடியது.

இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனிச்சீங்களா? ஃபேஷன் சொல்கிற வடிவத்துக்குள் பெண்ணைத் திணிக்கக் கூடாது என்று தொடங்கிய கம்பெனி, 25 ஆண்டுகளில் எல்லாப் பெண்களையும் ஒரே கூம்பு வடிவத்துக்குள் கொண்டுவந்துவிட்டது! ஐடாவின் வெற்றியைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

1958-ல் வில்லியம் இறந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஐடா அதன் பிறகும் ஓய்வெடுக்கவில்லை. 1963-ல் அமெரிக்கத் தொழில்துறைக் குழு ஒன்றில் இடம்பெற்று சோவியத் நாட்டுக்குப் போய் வந்தார். இளம் வயதில் புரட்சி பேசிவிட்டுக் கிளம்பிய மண்ணுக்கு, முதலாளியாகத் திரும்பிப் போன பயணம். 1966-ல் பக்கவாதம் தாக்கிய பிறகே வேலையிலிருந்து ஒதுங்கினார். 1973-ல், 87-வது வயதில் நியூயார்க்கில் காலமானார். கம்பெனி அதற்குள் மகள் பியாட்ரிஸின் தலைமைக்கு வந்திருந்தது.

அவருக்குப் பிறகும் பிரா மாறிக்கொண்டேதான் இருக்கிறது. கனடாவில் பிறந்த 'வொண்டர்பிரா' புஷ்-அப் ரகத்தைப் பிரபலமாக்கியது. 1977-ல் அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது அணியும் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்களை வெட்டி ஒட்டித் தைத்ததில் ஸ்போர்ட்ஸ் பிரா உருவானது. கோடு தெரியாத டி-ஷர்ட் பிரா, கம்பி வைத்த அண்டர்வயர், தோள்பட்டை இல்லாத ஸ்ட்ராப்லெஸ் என்று இன்று ரகங்கள் ஏராளம்.

உங்களுக்கு எது சரி?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது சில விஷயங்களை மட்டும் நினைவில் வெச்சுக்கோங்க.

எடையைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது முதுகைச் சுற்றி வரும் பட்டைதான், தோள்பட்டை ஸ்ட்ராப் இல்லை. தோளில் தடம் விழுகிறது என்றால், பட்டை தளர்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புது பிராவைக் கடைசிக் கொக்கியில் மாட்டினாலே சரியாக இருக்க வேண்டும். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிகள் உதவிக்கு வரும்.

எழுத்து மட்டும் அளவைச் சொல்லிவிடாது. 34பி-யின் கப்பும் 32சி-யின் கப்பும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு. பட்டைதான் வேறு. கப் சரியாக இருந்து பட்டை மட்டும் தளர்வாக இருந்தால், இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பிரசவம், எடை மாற்றம், வயது என்று எல்லாமே அளவை மாற்றும். கல்யாணத்துக்கு வாங்கிய சைஸையே பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கூச்சப்படாமல் அளந்து பார்த்து, போட்டுப் பார்த்து வாங்குங்கள். உடம்புக்கு ஏற்ற உடைதான் வேண்டும் என்று அந்த நியூயார்க் பெண்கள் கடைக்குத் திரும்பி வந்து கேட்டதால்தான் ஒரு டாலர் பிரா பிறந்தது. நாமும் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லைங்க!