அர்செனலுக்குப் போகாத அணித்தலைவர்

சனிக்கிழமை பின்னேரம் கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் பாடசாலை அணிகளின் இறுதிப் போட்டி. என் ராத்தாவின் மகன் அதில் நடுக்களத்தில் ஆடுகிறான். பந்தை எடுத்துத் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுத்தான் உதைப்பான். அந்தப் பழக்கம் எங்கள் பக்கத்துப் பொடியன்களிடம் குறைவு. எதிரணிக்கு வேகமான இரண்டு முன்களக்காரர்கள் இருக்கிறார்கள். நடுவில் இவன் அவர்களை மறித்தால் கிண்ணம் எங்களுக்கு. மறிக்காவிட்டால் அரைமணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

வீட்டில் பேச்சு கிண்ணத்தைப் பற்றியதல்ல. கொழும்புக் கழகம் ஒன்றிலிருந்து ஒருவர் ஆட்டம் பார்க்க வருகிறாராம். பிடித்துப்போனால் கூட்டிக்கொண்டு போவாராம். இதே வருடம்தான் அவனுக்கு உயர்தரப் பரீட்சை, அதுவும் உயிரியல் பிரிவு. சுனாமியில் வீட்டையும் தறியையும் இழந்து, பிறகு ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டி எழும்பிய குடும்பம் அது. ராத்தா என்னைக் கூப்பிட்டு, நீ படித்தவன்தானே, ஒரு முடிவு சொல்லு என்றாள். ஊடகவியல் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. பிறகு தலிமெரென் ஆவோவின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

இந்திய உதைபந்தாட்டத்தில் அவரை டாக்டர் டி. ஆவோ என்பார்கள். சுதந்திர இந்தியா முதன்முதலில் அனுப்பிய ஒலிம்பிக் அணியின் தலைவர். 1918 ஜனவரி 28 அன்று நாகா மலைகளில் சங்கி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கிறிஸ்தவப் போதகர். 1935 இல் டைபொய்ட் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. மகன் வைத்தியராகித் தன் சனத்துக்கு உதவவேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற ஆசை. அப்போது மகனுக்கு பதினேழு வயது, இன்று என் மருமகனுக்கு இருப்பதைவிட ஒரு வயது குறைவு.

ஆனால் காலில் பந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கௌகாத்தியில் கொட்டன் கல்லூரியில் படித்தபோது மகாராணா கழகத்துக்கு ஆடினார். 1942 இல் கல்கத்தாவின் கார்மைக்கல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த வருடமே மோகன் பகான் அணியில் சேர்ந்தார். பகலில் உடற்கூற்றியல், மாலையில் மைதானம்.

அந்த வருடங்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1943 இல் வங்காளத்தில் பஞ்சம், கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் நடந்த சண்டையில் கொஹிமா நகரம் நொறுங்கியது. 1946 ஓகஸ்டில் கல்கத்தாவில் இனக்கலவரம். ஊரில் யுத்தம் நடக்க, தூர நகரத்தில் இருந்து படிப்பது எப்படியென்று நம்மில் பலருக்குத் தெரியும். அவர் படித்தார், ஆடினார்.

பிறகு லண்டன். 1948 ஜூலை 29 அன்று நடந்த தொடக்க விழாவில் இந்தியாவின் கொடியை ஏந்திச் சென்றவர் அவர்தான். அந்தக் கொடிக்கு அப்போதுதான் ஒரு வயது நிரம்பியிருந்தது. இரண்டு நாள் கழித்து இல்ஃபோர்ட் மைதானத்தில் பிரான்சுடன் ஆட்டம். இந்திய வீரர்களில் பெரும்பாலானோர் பூட்ஸ் இல்லாமல், காலில் துணி சுற்றி இறங்கினார்கள். பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. 70 ஆவது நிமிடத்தில் மைசூர் அணிக்காரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது, அடித்தவர் பெயரைப் பார்த்தால் நமக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கிறது. இரண்டு பெனல்டி வாய்ப்புகளை இந்தியா வீணாக்கியது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொன்றைப் போட்டு 2-1 என்று வென்றது.

தோற்ற அணியைத்தான் லண்டன் பேசியது. ஏன் வெறுங்காலோடு ஆடுகிறீர்கள் என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்டபோது, நாங்கள் காலால் ஆடுகிறோம், நீங்கள் பூட்ஸால் ஆடுகிறீர்கள் என்ற பொருளில் ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரையே திருப்பிவிட்டு ஆவோ பதில் சொன்னார். தமிழில் அந்தப் பகிடி சரிவராது. நம்முடைய சொல்லில் கால் இல்லை, உதைதான் இருக்கிறது.

அர்செனல் கழகம் அவரை ஓராண்டு ஒப்பந்தத்துக்குக் கேட்டது என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பருவத்தின் இங்கிலாந்து லீக் சாம்பியன் அர்செனல். அவர் மறுத்தார். மருத்துவப் படிப்பு இன்னும் முடியவில்லை. தகப்பனின் ஆசையும் அப்படியே கிடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைய அர்செனலை மனதில் வைத்துக்கொண்டு கோடிகளை உதறிவிட்டார் என்று நினைத்தால் பிழை. 1947 இலிருந்து இங்கிலாந்தில் ஒரு வீரருக்குப் பருவகாலத்தில் கொடுக்கக்கூடிய உச்ச வாரச் சம்பளம் 12 பவுண். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் அவ்வளவுதான். 1961 இல்தான் அந்த வரம்பை நீக்கினார்கள். அப்போது அவர் விட்டுக்கொடுத்தது புகழை, ஒரு பெரிய மைதானத்தை.

1950 இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். திப்ருகரில் சில காலம் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வேலை. 1953 இல் கொஹிமாவுக்குப் போனார். அது ஓய்வான ஊர் அல்ல. சில வருடங்களுக்குள் நாகா மலைகளில் ஆயுதப் போராட்டம், இந்திய இராணுவம், 1958 இல் ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம். சோதனைச் சாவடியும் ஊரடங்கும் இருக்கிற ஊரில் வைத்தியசாலை என்றால் என்னவென்று அம்பாறைக் கரையோரத்திலும் வன்னியிலும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலண்டனில் கைதட்டு வாங்கிய மனிதர் அங்கேயே இருந்தார். நாகாலாந்தின் சுகாதாரப் பணிப்பாளராக உயர்ந்து 1978 இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டெம்பரில் காலமானார். 2018 இல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வடகிழக்கு மாநிலங்கள் அவர் பெயரில் ஒரு கிண்ணத்துக்கு ஆடியிருக்கின்றன.

இதை வைத்து மருமகனிடம் படி, பந்தை விடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆவோவுக்கு இரண்டு கதவு திறந்திருந்தது, இரண்டும் உண்மையான கதவுகள். நம் நாட்டில் 2021 இல் சூப்பர் லீக் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. உதைபந்தாட்டத்தோடு மாதச் சம்பளமும் வேண்டுமென்றால் பெரும்பாலும் இராணுவம், கடற்படை, பொலிஸ் அணிகள்தான். அந்தச் சீருடையைப் போடச் சொல்லி ஒரு பொடியனைக் கேட்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாரமான கேள்வி என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் முடிந்ததும் தொழில்முறை அணிகள் வரிசையில் நின்று வீரர்களைத் தெரிவுசெய்ய 1936 இலேயே ஒரு முறை வந்துவிட்டது. இங்கே கொழும்பிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குவார்.

ஆவோவின் கதையை ராத்தாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த மனிசன் டாக்டரான பிறகும் பந்து விளையாடினாரா? எனக்குப் பதில் வரவில்லை.

மருமகன் முற்றத்தில் பூட்ஸின் கிழிந்த அடியை ஒட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கொழும்பு ஆளோடு நான்தான் கதைக்கப்போகிறேன். எத்தனை மாத ஒப்பந்தம், தங்குமிடம் யார் பொறுப்பு, முழங்கால் போனால் வைத்தியச் செலவு யாருடையது, பரீட்சை மாதத்தில் விடுவார்களா. கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.