தான் கட்டிய மாளிகைக்குப் பணம் கொடுத்துப் போனவர்

பாரீஸ் நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் லூவர் கலைக்கூடத்தைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. "மோனாலிசா" ஓவியம் இருப்பது அங்கேதான்.

லூவர் பக்கத்தில் இருந்து நேராக ஒரு அகலமான சாலை செல்கிறது. அதன் மறுகோடியில் பிரமாண்டமான மாளிகை ஒன்று நிற்கிறது. அதுதான் ஆபரா மாளிகை. கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகத்துக்கு "ஆபரா" என்று பெயர்.

இந்த மாளிகையைக் கட்டியவர் சார்ல் கார்னியே.

கொல்லர் மகன்

கார்னியே 1825-ம் ஆண்டு பாரீசில் பிறந்தார். ஏழைக் குடும்பம். தந்தை கொல்லர்.

மகனுக்குப் படம் வரைவதில் நல்ல திறமை இருந்தது. கலைப்பள்ளியில் சேர்ந்து கட்டிடக் கலை படித்தார். படிக்கும்போதே வியோலே-லெ-துக் என்ற பெரிய கட்டிட நிபுணரிடம் வரைபடம் வரைந்து கொடுத்தார்.

1848-ல் அரசாங்கப் பரிசு பெற்று ரோம் நகருக்குப் போனார். கிரீஸ் நாட்டின் பழைய கோவில்களையும் கண்டு வந்தார்.

5-வது இடம்

1858-ம் ஆண்டு பழைய ஆபரா வாசலில், பிரெஞ்சு சக்கரவர்த்தி 3-ம் நெப்போலியன் மீது வெடிகுண்டு வீசினார்கள். அவர் உயிர் தப்பினார். பாதுகாப்பான புது மாளிகை கட்ட முடிவு செய்தார். அதற்குப் போட்டி நடந்தது.

171 திட்டங்கள் வந்து குவிந்தன. முதல் சுற்றில் கார்னியேக்கு 5-வது இடம்தான் கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த சுற்றில் வெற்றி அவருக்கே! அப்போது அவருக்கு வயது 35. தோற்றவர்களில் ஒருவர், முன்பு அவருக்கு வேலை கொடுத்த வியோலே-லெ-துக்.

தண்ணீரும் யுத்தமும்

1861-ல் வேலை தொடங்கியது. அஸ்திவாரம் தோண்டியபோது தண்ணீர் ஊறி நிரம்பியது. நீராவி எந்திரங்கள் பல மாதம் இரவு பகலாக இறைத்தன. கடைசியில் கார்னியே அடித்தளத்தில் பெரிய தொட்டியே கட்டி, அதன் மேல் மாளிகையை எழுப்பினார்.

1870-ல் யுத்தம் மூண்டது. வேலை நின்றது. சக்கரவர்த்தி பதவி இழந்தார். மாளிகை முடியும் முன்பே, 1873-ல் இறந்தும் போனார். அதே ஆண்டு பழைய ஆபரா தீயில் எரிந்தது. அதன் பிறகு புது மாளிகை வேலை வேகமாக நடந்தது.

திறப்பு விழா

1875 ஜனவரி 5-ந்தேதி திறப்பு விழா. மன்னர்களும் பிரபுக்களும் வந்தனர். கட்டியவருக்கோ இலவச இடம் இல்லை! கார்னியே பணம் கொடுத்துத்தான் உட்கார வேண்டி இருந்தது.

இடைவேளையில் அவர் பளிங்குப் படிக்கட்டுக்கு வந்தார். கூட்டத்தினர் கை தட்டி ஆரவாரம் செய்தனர்.

1898-ல் கார்னியே காலமானார். மாளிகை கட்ட உத்தரவு போட்டவர் சக்கரவர்த்தி. ஆனால் அந்த மாளிகை இன்று தாங்கி நிற்பது கொல்லர் மகனின் பெயரை. "கார்னியே மாளிகை" என்றுதான் உலகம் அதை அழைக்கிறது.